கலைந்ததும் கலைத்ததும்

என் தொழில் பிழை பார்ப்பது. மயிலாப்பூரில் ஒரு அச்சகத்தில் பன்னிரண்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட நோட்ஸ், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் என் மேஜையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகவேண்டும். ஒரு பத்திரிகையில் மணமகன் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு மணமகள் விழுந்திருந்ததைக் கடைசி நேரத்தில் பிடித்தவன் நான். அந்தப் பெருமையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது அச்சகத்தில் இல்லை, போனில்.

என் மனைவியும் அதே அச்சகத்தில் டைப் செய்துகொண்டிருந்தவள்தான். அவள் அடிப்பாள், நான் பிழையைச் சுழிப்பேன், அவள் முறைப்பாள். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. கல்யாணத்துக்குப் பிறகு தி. நகரில் ஒரு விளம்பரக் கம்பெனிக்குப் போய்விட்டாள். அச்சகத்து நாளிலிருந்தே என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். என் அம்மா முன்னால் மட்டும் 'நீங்க'. நாங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது 'நீங்க' வந்தால், நான் ஏதோ செய்து தொலைத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

கல்யாணமாகி நாலு வருடம் கழித்துத் தங்கிய கரு. மூன்றாம் மாதம் அவளுக்கு ஓயாத வாந்தி. அப்போது அம்மா எங்களைப் பார்க்க வந்திருந்தாள். அம்மா கொட்டிவாக்கத்தில் என் தங்கை வீட்டில் இருக்கிறாள். அவள் கொண்டுவந்த மீன் குழம்பைத் திறந்ததும் என் மனைவி வாஷ்பேசினுக்கு ஓடினாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "இப்படி இருக்கும்னு தெரிஞ்சிருந்தா வேணவே வேணாம்னு சொல்லியிருப்பேன் அத்தை" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, "அதெல்லாம் வாயால சொல்லக் கூடாதும்மா" என்றாள். அந்தப் பேச்சை அம்மா மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் மாதம் அடையாறில் ஸ்கேன். ஸ்கேன் எடுத்த பெண் சட்டென்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "டாக்டரைப் பாருங்க" என்றாள். இதயத்துடிப்பு நின்று நாலைந்து நாள் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். வலி வரவழைத்து வெளியே எடுக்கவேண்டும். என்னிடம் இரண்டு தாள்கள் நீட்டினார்கள். முதல் தாளில் 'அபார்ஷன்' என்று போட்டிருந்தது. "சிஸ்டர், இது நாங்க வேணும்னு பண்றது இல்லையே?" என்று கேட்டேன். "அது எங்க பாஷை சார். தானா போனாலும் அதான், பண்ணாலும் அதான்" என்றாள். கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது தாள், உடலை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும் என்பதற்கு. அதிலும் போட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

மறுநாள் மத்தியானம் முடிந்தது. வார்டு ஆயா வெளியே வந்தாள்.

"பொம்பளப் புள்ள சார். கை விரல்லாம் நல்லா கீது. பாக்கறியா?"

வேண்டாம் என்றேன்.

"அம்மாவுக்குக் காட்டவா?"

அதற்கும் நானே வேண்டாம் என்றேன். உள்ளே படுத்திருந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைப்பு. ஆயா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள்ல பால் கட்டிக்கும். மல்லிப்பூ உதிரியா வாங்கியாந்து மார்ல வெச்சுக் கட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெண் குழந்தை என்பதை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்த 'அபார்ஷன்' கண்ணிலேயே நின்றது. அதையே தமிழாக்கிச் சொன்னேன்.

"கலைச்சிட்டாங்கம்மா."

"யாரைக் கேட்டு?" என்றாள் அம்மா.

நாங்கள் சோபா வாங்கினபோதும் அம்மா இதையேதான் கேட்டாள். எனக்குச் சுரீரென்று வந்தது. "யாரைக் கேக்கணும்? டாக்டர் சொன்னாங்க, நான் கையெழுத்துப் போட்டேன், முடிஞ்சிடுச்சு. வை போனை" என்று சொல்லி நானே வைத்தேன்.

கலைந்தால் அது தானாகப் போனது. கலைத்தால் நாம் செய்தது. நடுவில் ஒரே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். தலைமுறை தலைமுறையாக ஒரே பங்குக் கோவிலில் ஞானஸ்நானம் வாங்கி, அதே பங்கின் கல்லறைக்குப் போய்ச் சேர்கிற எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பத்தில், முதலாவது துக்கம், இரண்டாவது சாவான பாவம், ஆத்துமாவையே கொல்லுகிறது. அம்மாவின் காதில் இரண்டாவது விழுந்தது. என் மூளைக்கு அது எட்டவே இல்லை.

ஆயா சொன்னபடியே மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. குழந்தை இல்லை என்பது உடம்புக்கு யார் சொல்வது? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுத சத்தம் கேட்டது. மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட தெருக்களையெல்லாம் சுற்றிக்கொண்டு மாட வீதிக்குப் போனேன். பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா சார், அரைக் கிலோவா? அதுவும் உதிரியா? வூட்ல விசேஷமா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல.

"நல்லா இரு நைனா" என்று ஒரு கை அதிகமாகவே அள்ளிப்போட்டாள். அதை வாங்கிக்கொண்டு வந்து, பழைய துப்பட்டாவில் பரப்பி நானே கட்டிவிட்டேன். இரண்டு நாள் வீடு முழுக்கக் கல்யாண மண்டபத்து வாசனை. பூ வாடியதும் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, "இனிமே இந்தப் பூவை வாங்கிட்டு வராத" என்றாள். இன்றுவரை வாங்கவில்லை.

அம்மா வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். "அத்தைக்கு முட்டி ரொம்ப வலிக்குதா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்று சமாளித்தேன். நான் போன் செய்தால் அம்மா, "ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே என்று விட்டுவிட்டேன். உண்மையில் எனக்கு எதையும் யோசிக்கத் தெம்பில்லை. அச்சகத்தில் இரண்டு நாள்தான் லீவு கேட்டிருந்தேன். மூன்றாம் நாள் போனபோது, "அடுத்தது தங்கும் பாருங்க" என்றார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள், நான் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு ஞானஸ்நானப் பத்திரிகை மேஜைக்கு வந்தது. பிழையே இல்லை. ஆனாலும் மூன்று தடவை படித்தேன். எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை அவள் கோவிலுக்கு வருகிறேன் என்றாள். பூசை முடிந்து வெளியே வரும்போது, அன்பியத்தில் இருக்கும் ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்பியம் என்பது தெருத் தெருவாக வீடுகளில் கூடி ஜெபிக்கிற குழு. கொட்டிவாக்கம் போனபிறகும் அம்மா இந்தக் குழுவை விடவில்லை, போனில் ஜெபம் கேட்பாள்.

"சாமியார்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிடும்மா. ஆண்டவர் மன்னிக்காத பாவமே கிடையாது" என்றாள் அந்த அம்மா. நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"எந்தப் பாவம் ஆன்ட்டி?"

"உங்க மாமியார் அழுதுகிட்டே சொன்னாங்க, கலைச்சிட்டாங்கன்னு. உனக்காக நாங்க எல்லாரும் ஜெபமாலை சொல்றோம்மா."

என் மனைவி கையை மெதுவாக உருவிக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தாள். அங்கே நின்று என்னைப் பார்த்தாள்.

"அத்தைக்கு யார் சொன்னது?"

"நான்தான்."

"என்னன்னு சொன்னீங்க?"

பக்கத்தில் அம்மா இல்லை, 'னீங்க' வந்துவிட்டது. சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே கேட்டது. அவள் வந்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க "சாப்பாடு இருக்கு", "கேஸ் புக் பண்ணுங்க" இவ்வளவுதான். நுணலும் தன் வாயால் கெடும். தவளையாவது மழைக்குக் கத்தும், நான் எதற்குக் கத்தினேன்?

வெள்ளிக்கிழமை அவளாகவே ஒரு மெசேஜைக் காட்டினாள். குழந்தையை இழந்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேச மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒரு கவுன்சிலர் வருகிறார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து முன்பே அனுப்பியிருந்தார்கள். "நாளைக்குப் போறோம்" என்றாள். பேசினால் போனது வந்துவிடுமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அடையாறில் ஒரு மாடி அறை, லிஃப்ட் கிடையாது. கவுன்சிலர் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தொண்டை கட்டியிருந்தது, ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஊற்றிக் குடித்தார். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் வெளியே போயிருந்தது, பின்னால் இன்னொன்று காத்திருந்தது. அவரும் எங்களைப் போலவே களைத்திருந்தார்.

"முதல்ல சார் சொல்லுங்க. என்ன ஆச்சு?"

நான் ஆரம்பித்தேன். ஸ்கேனில் அது அசையவில்லை, அது நின்றுவிட்டது, அதை எடுக்கவேண்டியதாயிற்று என்று நிறையச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இங்க வர்ற அப்பாக்கள் நிறைய பேர் 'அது'ன்னுதான் சொல்றாங்க. தப்புன்னு சொல்லல. அது எதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க சார், போதும்."

அப்பா என்று அதுவரை என்னை யாரும் சொன்னதில்லை. ஃபிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மனைவி பேசினாள்.

"இவர் புரூஃப் ரீடர் மேடம். பத்திரிகையில ஒரு புள்ளி விட்டுப்போனா ஊரையே கூட்டுவார். நான் எட்டு மணி நேரம் வலி எடுத்துப் பெத்தேன். இவர் அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணி, கலைச்சிட்டாங்கன்னு சொல்லிட்டு, கீழ போய் டீ குடிச்சிட்டு வந்தார்."

டீ குடித்தது உண்மை. அவளுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார் கவுன்சிலர்.

"அந்த வீட்டுல என்னைக் கொலைகாரின்னு நினைச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் என்னால இவர்கூட இருக்க முடியாது மேடம். திண்டுக்கல்லுக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். பை எடுத்து வெச்சுட்டேன்."

பை விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும். கவுன்சிலர் அவளைச் சமாதானம் செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"போகணும்னா போங்க. அதுக்கு முன்னாடி அடுத்த தடவை உங்க அத்தையோட வாங்க. இங்க இல்லாத ஒருத்தரைப் பத்தி எத்தனை தடவை பேசினாலும் பாதிப் பேச்சுதான்." பிறகு என்னிடம், "அம்மாகிட்ட நேர்ல போய்ச் சொல்லுங்க சார். போன் வேணாம்" என்றார்.

மறுநாள் கொட்டிவாக்கம் போனேன். தங்கை கடைக்குப் போயிருந்தாள். அம்மா மாதா படத்துக்கு முன்னால், தரையில், முட்டி போட்டிருந்தாள். தேய்ந்துபோய், தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த முட்டி. நான் கை கொடுத்துத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தேன்.

"அம்மா, கலைக்கலம்மா. கலைஞ்சிடுச்சு. நான் தப்பா சொல்லிட்டேன்."

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப, ஏற்கனவே உசுரு இல்லையா?"

"இல்ல. நாலஞ்சு நாள் முன்னாடியே நின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் எடுத்தாங்க."

"யாரைக் கேட்டுன்னு கேட்டேனேடா. நீ போனை வெச்சிட்டியே" என்றாள். கத்தவில்லை. அதற்குப் பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நாப்பது நாளா முட்டி போடுறேன்டா. அவளை மன்னிச்சிடு, அவளை மன்னிச்சிடுன்னு. தப்பே பண்ணாத பொண்ணுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கேன். நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளைப் பாப்பேன்?"

அம்மாவின் மேல் எனக்கு அதுவரை கோபம் இருந்தது. அந்த முட்டியைப் பார்த்தபோது போய்விட்டது. ஒரு போன் காலில் நான் இரண்டு பெண்களைத் தரையில் தள்ளியிருக்கிறேன்.

அடுத்த தடவை மூன்று பேரும் போனோம். அந்த மாடிப்படிகளை ஏற அம்மாவுக்குக் கால் மணி நேரம் ஆனது. என் மனைவி முன்னால் ஏறிப் போய்விட்டாள். திரும்பி நின்று பார்த்தாள், பிறகு நாலு படி இறங்கிவந்து அம்மாவின் பையை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே உட்கார்ந்ததும் அம்மா, "உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா" என்றாள்.

"முட்டி எப்படி இருக்கு அத்தை?" என்றாள் இவள்.

கவுன்சிலர் வெந்நீரை ஊற்றி அம்மாவிடம் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு அம்மா பொதுவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"பொண்ணா, பையனா?"

என் மனைவி, "எனக்குத் தெரியாது அத்தை. எனக்குக் காட்டல" என்றாள்.

நான் ஒளித்துவைக்க அதற்குமேல் இடமில்லை. "பொண்ணு" என்றேன். "கை விரல் எல்லாம் நல்லா இருந்துச்சாம். ஆயா காட்டவான்னு கேட்டாங்க. நான்தான் உனக்கும் சேர்த்து வேணாம்னு சொல்லிட்டேன்."

"பொண்ணு" என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல். அம்மா தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். நானும் அழுதேன். கவுன்சிலர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் அம்மா, அன்பியத்தில் வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். என் மனைவி தலையாட்டினாள், வேண்டாம் என்று. "மூடி மறைக்கிறாங்கன்னு அதுக்கும் ஒரு பேச்சு வரும் அத்தை." ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அம்மா யோசித்தாள்.

"அப்ப பூசைக் கருத்து கொடுத்துடுவோம்."

"அப்படின்னா என்னம்மா?" என்றார் கவுன்சிலர். அவர் கிறிஸ்தவர் இல்லை.

"ஞாயித்துக்கிழமை பூசை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, செத்துப்போனவங்க யார் யாருக்காக வேண்டிக்கிறோம்னு மைக்குல வாசிப்பாங்கம்மா. எல்லார் காதுலயும் விழும்."

கல்லறை இல்லாத குழந்தைக்கு அது ஒன்றாவது இருக்கட்டும் என்று எனக்கும் தோன்றியது. பேனாவை எடுத்து எழுதினேன். 'கருவிலேயே கலைந்த எங்கள் குழந்தையின் ஆன்மா இளைப்பாற்றிக்காக.' இந்தத் தடவை மெய்யெழுத்து சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினேன்.

அவள் என் பேனாவையும் வாங்கிக்கொண்டாள். 'கருவிலேயே கலைந்த' என்பதை அடித்து, ஓரத்தில் நான் போடுகிற அதே நீக்கல் சுழியைப் போட்டாள். "கலைஞ்சு போறதுக்கு அவ என்ன மேகமா? செத்துப்போயிட்டா" என்றாள். மேலே 'பிறக்கும் முன்பே இறந்த' என்று எழுதினாள். பிறகு 'குழந்தையின்' என்பதை அடித்து 'மகளின்' என்று போட்டாள். பன்னிரண்டு வருடத்தில் என் எழுத்தை இன்னொருவர் திருத்தியது அதுதான் முதல் தடவை.

"வழக்கமா உபதேசியார்தான் வாசிப்பார்" என்றேன். சாமியாருக்கு உதவியாகக் கோவில் வேலைகளைப் பார்க்கிறவர் அவர்.

"நீங்கதான் சொன்னீங்க. நீங்களே சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. உபதேசியார் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைக்கை விட்டு நகர்ந்து நின்றார். நான் தாளோடு வாழ்கிறவன், மைக் பழக்கமில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அன்பியத்துக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் அம்மாவும் அவளும். வீட்டில் கதவோரம் அந்தப் பை இன்னும் கட்டினபடியே இருந்தது.

"பிறக்கும் முன்பே இறந்த" என்றேன். குரல் கரகரத்தது. நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். "பிறக்கும் முன்பே இறந்த எங்கள் மகளின் ஆன்மா இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்பவர்கள், அவளுடைய அம்மா, அப்பா, பாட்டி."

'அப்பா' என்ற இடத்தில் திணறினேன், ஆனாலும் சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கையைப் பிடித்த அந்த அம்மா திரும்பி என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி தலையைக் குனியவில்லை. என்னோடு சேர்ந்து அவள் உதடும் அசைந்துகொண்டிருந்தது, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறவளுக்கு அசைவதுபோல.

பூசை முடிந்து அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, இருவரும் அதே பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வெயில். பஸ் வரவில்லை. பை என்ன ஆகும் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவளே பேசினாள்.

"உன் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு."